விரலில் ஏறிய சின்னம்

என் மாமா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். பரமத்தி பக்கம் எங்கள் ஊரில் தேர்தல் வருவது சுவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சுவர்களுக்குத் தெரிந்தால் மாமாவுக்குத் தெரியும். கட்சியின் முதலெழுத்தையும் ஆண்டையும் எழுதிச் சுவரை முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பு அடிப்பார்கள், பிறகு மாமா வருவார். ராத்திரி பத்து மணிக்கு மேல், யாராவது பெட்ரோமாக்ஸ் பிடிக்க, ஒரே மூச்சில் இருபது சூரியன் போட்ட கதையை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எந்தக் கட்சிக்கும் போடுவார். கூலி தராமல் ஏமாற்றிய கட்சியும் உண்டு. அதன் சின்னத்தை மறுதேர்தலில் வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாகப் போட்டதாகச் சொல்வார். அது எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று உண்மை. "சூரியன் சுலபம் மாப்ளே. ரெட்டலை அதவிடச் சுலபம். கைதான் கஷ்டம். ஒரு விரலு நீண்டுபோனாலும் பேய்க்கையாட்டம் ஆயிரும்."

இந்தப் பேச்சை நான் முக்கியமாக நினைக்கிறேன். தமிழில் அமைப்பியல் அறிமுகமான காலத்திலிருந்து குறி, குறிப்பான், குறிப்பீடு என்று சிறுபத்திரிகைகளில் நாம் நிறையவே எழுதிவிட்டோம். கவிதையில் குறி, சிறுகதையில் குறி, தொன்மத்தில் குறி. இந்த நாட்டில் கோடிக்கணக்கான மக்கள் தினசரி படித்துப் பழகிய மிகப்பெரிய குறியொழுங்கு ஒன்று சுவரில் இருந்தது. அதை வரைந்தவர்கள் பட்டறைப் பெயின்டர்கள். படித்தவர்கள், 'படிக்காதவர்கள்' என்று கணக்கெடுப்பில் எழுதப்பட்டவர்கள். தேர்தல் சின்னத்தைப் பற்றி நம்மிடம் நகைச்சுவைத் துணுக்குகள் இருக்கிற அளவுக்கு வரலாறு இல்லை.

சிக்கலான ஒன்றை ஒரு படத்தின் வழியாக எளிதில் கற்பிக்கலாம் என்பது இன்று விளம்பரக்காரர்களும் கணினிக்காரர்களும் சொல்லும் வாசகம். பார்த்தவுடன் புரிய வேண்டும், யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாமல் கைக்கு வர வேண்டும் என்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் 'பார்த்தவுடன்' என்பது யார் பார்த்தவுடன்? இந்தக் கேள்வியை எங்கள் சேலம் - நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஏனென்றால் இந்த மண்ணில் படத்தை அரசியலுக்குப் பயன்படுத்திய கதை சுதந்திரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1929இல் அங்கிருந்து 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகை வந்தது. மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட பத்திரிகை, துணையாசிரியர் கல்கி. கள்ளுக்கடைக்குப் போகிற ஆளுக்கு எழுத்துத் தெரியாது என்பது நடத்தியவர்களுக்குத் தெரியும். அதனால் படம், கதை, பாட்டு. யாரோ ஒருவர் படித்துக்காட்ட, மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கலாம். உப்புச் சத்தியாகிரகம் வந்து ராஜாஜி சிறைக்குப் போனதோடு பத்திரிகை நின்றது. குடிக்கிறவனைத் திருத்தப் படித்தவன் போட்ட படம் என்ற அளவில் அதன் பார்வை மேலேயிருந்து கீழே பார்க்கிற பார்வைதான். அதை மறுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுத்தில்லாதவனிடம் பேசுவதற்கு வேறொரு மொழி வேண்டும் என்று ஒப்புக்கொண்டது அது.

அடுத்தது 1937. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த மாகாணத் தேர்தல். சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள். அப்படியும் வாக்காளர் பட்டியலில் எழுத்துத் தெரியாதவர்கள் ஏராளம். சென்னை மாகாணத்தில் அதற்குக் கண்ட வழி வண்ணப் பெட்டி. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி கிடைத்தது. வேறெதுவும் தேவைப்படவில்லை. மஞ்சள் பூசிக் குளிக்கிற பெண்ணுக்கு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறவருக்கு, தாலிக்கயிற்றில் மஞ்சள் தடவுகிற சமூகத்துக்கு, மஞ்சள் என்பது ஒரு கட்சி ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? சட்டமன்றத்தின் 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. நீதிக்கட்சி நொறுங்கியதற்கு மஞ்சளே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஜமீன்தார்கள் கட்சி என்ற பெயரே அதற்குப் போதும். ஆனால் ஒரு நிறத்துக்குள் மங்கலம் முழுவதும் இலவசமாக வந்து உட்கார்ந்துகொண்டதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அந்தப் பெட்டி வழியாக ஆட்சிக்கு வந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திய மாவட்டம் சேலம். அன்றைக்கு நாமக்கல்லும் அதற்குள்தான். விமோசனத்தின் படங்களில் இருந்தது மஞ்சள் பெட்டி வழியே சட்டமாக வந்தது.

*

பெரிய சோதனை 1951-52இல் வந்தது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. 17 கோடியே 32 லட்சம் வாக்காளர்கள். 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 18 விழுக்காடு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னுக்கு முன்னால் இருந்த பிரச்சினையை இப்படிச் சொல்லலாம்: கட்சி, கொள்கை, வேட்பாளர், தொகுதி, ரகசியம் என்ற இத்தனை சிக்கலையும், ஒரெழுத்தும் வாசிக்காமல் ஒருவர் இரண்டு நிமிடத்தில் செய்து முடிக்கும் ஒரு காரியமாக மாற்ற வேண்டும். அதற்கான ஏற்பாடு, இன்று யோசித்தாலும், எளிமையாக இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டியில் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குள் போய் விருப்பமான பெட்டியில் சீட்டைப் போட வேண்டியது. எழுத வேண்டாம், குத்த வேண்டாம், மடிக்கத் தெரிந்தால் போதும். இப்படியாக இருபது லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் செய்தார்கள். பெட்டிக்குப் பூ வைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் நகரத்தில் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதையும் தன்னிடம் கேட்காத ஒரு அரசு முதன்முதலாக ஒன்றைக் கேட்டு ஒரு பெட்டியை வைக்கிறது; பூ வைக்கத்தான் தோன்றும்.

அதே தேர்தலில் வடக்கே சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொன்னார்கள், சொந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பது காரணம். சின்னத்தை எளிமையாக்கிய அரசால், பெயர் சொல்வதை எளிமையாக்க முடியவில்லை. படத்தால் முடிவது எங்கே நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என் அம்மாயி முதல் ஓட்டுப் போட்டது 1957இல். அப்போது ஓட்டுரிமை வயது 21, பெட்டி முறைதான். எப்படிப் போட்டீங்க என்று கேட்டிருக்கிறேன். "எனக்கென்ன எழுத்தா தெரியும் கண்ணு? மாட்டுப் பெட்டி எங்கீன்னு பாத்தேன், போட்டேன். மாடு தெரியாதா எனக்கு?" இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு கர்வம் இருந்தது. எழுத்தறிவு இல்லாதவர் என்றால் வாசிக்கத் தெரியாதவர் என்று அர்த்தமில்லை. எங்கள் அம்மாயி மாட்டின் சுழி பார்ப்பார், மேகம் பார்ப்பார், கோலத்தில் புள்ளி தப்பினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவர் வாசிக்கும் பிரதிகள் வேறு. 1952இல் அரசு செய்த புத்திசாலித்தனம், அவர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பிரதியிலிருந்து ஒரு எழுத்தை எடுத்துப் பெட்டியில் ஒட்டியதுதான்.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை என்பது எல்லாருக்கும் ஒரே எழுத்தா?

எங்கள் பக்கம் கிணற்றுப் பாசனம். மின்மோட்டார் வருவதற்கு முன் இரண்டு மாடு கட்டிக் கவலை இறைப்பார்கள். பண்ணையம் செய்யும் கவுண்டர் வீட்டில் காளை ஜோடி என்பது சொத்து, கௌரவம், பல வேளைகளில் பிள்ளைகளைவிட மேல். என் அம்மா பிறந்த வீட்டில் மாடு இருந்தது. அதனால்தான் அம்மாயிக்கு அந்தப் பெட்டி சொந்த வீட்டுக் கட்டுத்தறி மாதிரி இருந்தது. கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். விடிவதற்கு முன் வந்து அந்த மாட்டை ஓட்டியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். மாடு அவர்களுடையது அல்ல. ஊரில் வயதான ஒருவரிடம், பண்ணையத்துக்கு இருந்தவர், இதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மாடுன்னா பண்ணாடி மாடுதானுங்க. நாங்களும் அதுக்குத்தான் போட்டோம். வேறெதுக்குப் போடறது?"

அம்மாயிக்கும் இவருக்கும் படம் சமமாகப் புரிந்தது. வடிவமைப்பு என்ற அளவில் அது வெற்றி. ஒருவருக்கு 'நம்முடைய மாடு', இன்னொருவருக்கு 'பண்ணாடி மாடு'. பார்த்தவுடன் புரிகிற படம், பார்க்கிறவர் ஏற்கெனவே எங்கே நிற்கிறார் என்பதையும் சேர்த்தே புரியவைத்துவிடுகிறது. பழக்கமானதைக் காட்டி எளிமையாக்குவது என்றால், பழக்கத்துக்குள் இருக்கிற அதிகாரத்தையும் எளிமையாக்குவதுதான். இதைத் தேர்தல் ஆணையம் திட்டமிட்டுச் செய்தது என்று சதிக்கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. குடிசை, மரம், விளக்கு, யானை, கதிர் அரிவாள் என்று பலவும் அன்றைக்குக் கொடுக்கப்பட்டன. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு யானை. பொதுவுடைமைக் கட்சிக்குக் கதிர் அரிவாள். அன்றிலிருந்து இன்றுவரை சின்னம் மாறாத கட்சி அது. கதிர் அரிவாள் மட்டும் உழைப்பின் கருவியைக் காட்டியது. காளை உழைப்பின் உடைமையைக் காட்டியது.

இந்த இடத்தில் வியன்னாவுக்கு ஒருமுறை போய் வரலாம். 1925இல், சமூக ஜனநாயகக் கட்சி நகராட்சியை நடத்திய காலத்தில், ஆட்டோ நியூராத் அங்கே சமூகம், பொருளாதாரம் பற்றிய அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். தொழிலாளிகளுக்குப் புள்ளிவிவரத்தைப் படத்தில் சொல்வது அதன் வேலை. அவர் வைத்த விதி எளிது: அதிகம் என்று காட்டப் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரு உருவம் என்றால் இத்தனை பேர். இரண்டு மடங்கு என்றால் இரண்டு உருவம். கெர்ட் அர்ன்ட்ஸ் படம் வரைந்தார். அறிஞர்களின் எண்களைப் படமாக மாற்றித் திட்டம் போட்டவர் மரீ ரைடமைஸ்டர். பின்னாளில் நியூராத்தின் மனைவி. 1934க்குப் பிறகு அவர்கள் நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. ஐசோடைப் என்று இந்த முறைக்குப் பெயர் வந்ததெல்லாம் அதற்கப்புறம். 1950களில் மரீ மேற்கு நைஜீரியாவுக்காகப் படப் புத்தகங்கள் தயாரித்தார். ஓட்டுப் போடுவது எப்படி என்பதும் அவற்றில் ஒன்று.

வியன்னாப் படம் ஒரு தொழிலாளிக்கு எதைச் சொன்னது? வாடகை எவ்வளவு, குழந்தைகள் எத்தனை சாகின்றன, எந்தத் தெருவில் அதிகம் சாகின்றன என்று சொன்னது. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடச் சொன்னது. நம்முடைய சின்னம் அப்படி எதையும் சொல்லவில்லை. இது இவருடையது, அது அவருடையது, அவ்வளவுதான். கற்பிக்கிற படமும் அடையாளம் காட்டுகிற படமும் ஒன்றல்ல. பெயர்ப்பலகையைப் பாடப்புத்தகம் என்று நாம் எடுத்துக்கொண்டோமோ என்று சந்தேகம் வருகிறது.

*

அடையாளம் காட்டும் படத்துக்கு உள்ளே பொருள் எதுவும் கிடையாது என்பதற்கு உதயசூரியனே சாட்சி. 1952இல் வடக்கே உதயசூரியன் யாருடைய சின்னம் தெரியுமா? அகில பாரதிய ராம ராஜ்ய பரிஷத்தின் சின்னம். கர்பாத்ரி சாமியார் தொடங்கிய கட்சி. இந்து சட்டத் திருத்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்த வைதீகர்களின் கட்சி. அதே தேர்தலில் தமிழகத்தில் உழவர் உழைப்பாளர் கட்சியின் ஏ. கோவிந்தசாமி உதயசூரியனில் நின்றார் என்றும், அவர் வழியாகத்தான் அது தி.மு.கவுக்கு வந்தது என்றும் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். 1957இல் தி.மு.க. முதன்முறை போட்டியிட்டபோது அது அங்கீகாரம் பெற்ற கட்சி அல்ல. வேட்பாளர்கள் எல்லாருக்கும் ஒரே சின்னம் கிடைத்துவிடவில்லை. 15 பேர் சட்டமன்றத்துக்குப் போனார்கள், இரண்டு பேர் மக்களவைக்கு. அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் நாமக்கல் தொகுதியில் ஜெயித்த ஈ.வெ.கி. சம்பத். 1958இல் அங்கீகாரம் கிடைத்து, சூரியன் கட்சிக்கென்று ஆனது.

வைதீகரின் கையில் இருந்த அதே சூரியன், பத்தாண்டுக்குள் கோயில் நுழைவையும் சுயமரியாதைத் திருமணத்தையும் பேசியவர்களின் சூரியன் ஆனது எப்படி? படம் மாறவில்லை. இரண்டு மலை, நடுவே அரைவட்டம், கதிர்கள். மாறியது படத்தைச் சுற்றி நடந்த வேலை. படிப்பகங்கள், முடிதிருத்தும் கடைகளில் சத்தமாகப் படிக்கப்பட்ட பத்திரிகைகள், மேடைப் பேச்சு, நாடகம். சூரியனை ஒருவர் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டிய ஒருவரோடு சேர்த்துக் கற்றுக்கொண்டார். திராவிட இயக்கம் எழுத்தைக் கைவிட்டுவிட்டுப் படத்துக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் எழுத்தையே திருத்தினார். துதிக்கை வைத்த ஐகார எழுத்துகளும், சுழித்து எழுதிய ணா, றா, னாவும், இவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளும் வழக்கமான குறிகளுக்குள் வந்தன. கற்கிறவன் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன. அரசு அதை ஏற்றது 1978இல். எங்கள் மாமா பழைய லைதான் இன்னும் எழுதுவார். லாரியின் பின்பக்கத்தில் அது அழகாக உட்காரும் என்பது அவர் கட்சி. பெரியாருக்கு அழகைப் பற்றிக் கவலை இல்லை. எத்தனை குழந்தைக்கு எத்தனை நாள் மிச்சம் என்பதுதான் கவலை. எழுத்தை எளிமையாக்கியது ஒருவரை எழுத்துக்குள் கூட்டிவருவதற்கு. சின்னத்தை எளிமையாக்கியது அவரை எழுத்துக்கு வெளியிலேயே வைத்து வேலையை முடித்துக்கொள்வதற்கு. இரண்டும் ஒரே இயக்கத்துக்குள் ஒரே காலத்தில் நடந்தன. முதலாவது மெதுவாக நடந்தது, இரண்டாவது வேகமாக.

1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் மாயத்தேவர் இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றி, இரண்டு விரலைக் காட்டினால் சின்னம் வந்துவிடும் என்று யோசித்துத்தான் எடுத்தார் என்பார்கள். கதையாகவே இருக்கட்டும், அதில் வடிவமைப்பின் முழு ரகசியமும் இருக்கிறது. காகிதமும் வேண்டாம், சுவரும் வேண்டாம். இரண்டு விரல். சூரியனுக்கு விரித்த ஐந்து விரல். 1978இல் இந்திரா காங்கிரசுக்குக் கையே சின்னமானபோது விரலும் சின்னமும் ஒன்றாகிவிட்டன. இதைத்தான் மாமா சுவரில் போடக் கஷ்டம் என்றார். காட்டுவதற்கு அதைவிடச் சுலபமான சின்னம் உலகத்தில் இல்லை. வேனில் நிற்கிற தலைவர் விரலைக் காட்டுகிறார், கீழே நிற்கிற கூட்டம் விரலைக் காட்டுகிறது. பேச்சு தேவையில்லாத உரையாடல். எம்.ஜி.ஆரின் பிம்பம் எப்படி வேலை செய்தது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். திரையிலிருந்து இறங்கி வந்த அந்தப் பிம்பம் மக்களின் உடலில் தங்கிய இடம் இந்த இரண்டு விரல்தான் என்று நான் சேர்த்துச் சொல்வேன். 1989 தேர்தலில் இலை முடக்கப்பட்டு ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றபோது இலைக்காரர்கள் பலருக்குக் கைவிரலை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று. "விரலக் காட்டுனா அது எந்தக் கட்சின்னு எனக்கே தெரியல" என்று மாமா சொல்வார்.

*

பெட்டி முறை 1962 பொதுத்தேர்தலோடு போய்விட்டது. சீட்டைப் பெட்டிக்குள் போடாமல் வெளியே கொண்டுவந்து விற்கிற வித்தை பரவியதும் ஒரு காரணம். இனி எல்லாச் சின்னமும் ஒரே தாளில். ரப்பர் முத்திரை குத்த வேண்டும். முத்திரையில் இருந்த வடிவத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சாதாரணப் பெருக்கல் குறி அல்ல. நுனிகள் ஒரே பக்கமாக வளைந்த குறி. தாளை மடிக்கும்போது ஈரமான மை எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அப்போது எது குத்தியது, எது ஒட்டியது? ஒட்டிய குறியில் வளைவு தலைகீழாக இருக்கும். எண்ணுகிறவர் பார்த்தவுடன் தெரிந்துகொள்வார். இந்தக் கதையில் நான் மிகவும் ரசிக்கிற வடிவம் இதுதான். எந்தத் தலைவரின் முகமும் இல்லாத, ஒருவர் போட்ட ஓட்டு செல்லாமல் போகக் கூடாது என்பதற்காக மட்டும் யாரோ யோசித்த வடிவம்.

சின்னங்களை வரைந்தவர்களும் அப்படித்தான். எம்.எஸ். சேத்தி என்ற வரைவாளர் தேர்தல் ஆணையத்தில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார், 1992இல் ஓய்வுபெற்றார். சுயேச்சைகளுக்கான பட்டியலில் பழைய சுழற்றும் தொலைபேசியும் தட்டச்சுப் பொறியும் பிற்காலம் வரை கிடந்தது அவர் கையின் மிச்சம். என் மாணவர்களுக்கு அந்தத் தொலைபேசி என்னவென்று தெரியாது. அம்மாயிக்கு எழுத்து இருந்த மாதிரி அவர்களுக்கு அது இருக்கிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு தடவை முறிந்துபோனதை எங்கள் பக்கத்திலேயே பார்த்தோம். 1996 சட்டமன்றத் தேர்தல், காவிரிக்கு அக்கரை, ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி. விவசாயிகளின் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று எதிர்ப்புக் காட்ட ஆயிரக்கணக்கில் வேட்புமனு போட்டார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குப்பதிவு ஒரு மாதம் தள்ளிப்போனது. வாக்குச்சீட்டு, சீட்டாக இல்லாமல் புத்தகமாக வந்தது. எங்கள் உறவுக்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினதை இன்றும் நடித்துக் காட்டுவார். எளிமைக்கென்று செய்த ஒரு கருவியை, அதன் விதிகளுக்குள்ளேயே நின்று, யாராலும் வாசிக்க முடியாததாக மாற்றிக் காட்டினார்கள். இதை நான் ஒரு விமர்சனக் கட்டுரையாகவே வாசிக்கிறேன், எழுதியவர்கள் விவசாயிகள். ஆனால் இரண்டு விஷயம் நடந்தது. அந்தப் புத்தகத்துக்குள்ளும் மக்கள் தேடிப் பிடித்துத் தி.மு.கவின் சுப்புலட்சுமி ஜெகதீசனை ஜெயிக்கவைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. நாற்பது வருடச் சுவர் வேலை வீண்போகவில்லை. இன்னொன்று, அதே 1996இல் சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த பொதுப்பிரிவு வைப்புத்தொகை 5,000 ஆனது, மக்களவைக்கு 500 ரூபாயாக இருந்தது 10,000 ஆனது. மொடக்குறிச்சி கேட்ட கேள்விக்கு அரசு கொடுத்த பதில் விலையேற்றம்.

சின்னம் சொத்தாகிவிட்ட பிறகு அதற்கு வாடகையும் வரும். 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின்படி இத்தனை விழுக்காடு ஓட்டு, இத்தனை இடம் என்று வாங்கிய கட்சிக்குத்தான் நிரந்தரச் சின்னம். மற்றவர்களுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் கிடைப்பது. பெரிய கட்சியோடு கூட்டணி வைக்கிற சிறிய கட்சி அவர்களுடைய சின்னத்திலேயே நின்றால் சுவரும் விரலும் இலவசம்; ஆனால் கணக்கில் அவர் அந்தப் பெரிய கட்சியின் உறுப்பினர். எங்கள் நாமக்கல்லிலேயே 2019இலும் 2024இலும் மக்களவைக்கு ஜெயித்தவர்கள் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்காரர்கள், நின்றது உதயசூரியனில். அவர்களுக்கு அது கசப்பாக இருந்ததாகத் தெரியவில்லை. சாதியின் பலம் கையில் இருக்கிறவனுக்குச் சின்னம் கடன் வாங்குவதில் இழப்பு குறைவு.

விடுதலைச் சிறுத்தைகளின் கதை வேறு. 2019இல் விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். சிதம்பரத்தில் திருமாவளவன் தனிச்சின்னம் கேட்டுப் பானையில் நின்றார். சில வாரத்துக்குள் ஒரு பானையைத் தொகுதி முழுக்கக் கற்பிக்க வேண்டும். 3,219 ஓட்டில் ஜெயித்தார். பானை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பார்த்தவுடன் புரிகிறது. புரிந்ததனால்தான் வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் தெருவில் பானையை உடைத்தார்கள். அதில் மூண்டது தலித் குடியிருப்பின் வீடுகள்மேல் நடந்த தாக்குதலாக முடிந்தது. எளிதில் கற்றுக்கொள்ளக் கூடிய சின்னத்தை எளிதில் வெறுக்கவும் கற்றுக்கொள்ளலாம். சூரியனையோ இலையையோ உடைக்க முடியாது, பானையை உடைக்கலாம். 2024இல் இரண்டு தொகுதியிலும் பானையிலேயே ஜெயித்துக் கட்சி அங்கீகாரம் பெற்றது. ஓட்டுச் சேர்ப்பதற்குச் சூரியன் போதுமே என்று சொன்ன நண்பர்கள் உண்டு. கணக்கு அப்படித்தான். பானைக்காக அவர்கள் பட்ட பாட்டை அந்தக் கணக்கில் எழுத இடமில்லை.

மாமா இப்போது சுவர் எழுதுவதில்லை. சேஷன் காலத்துக் கெடுபிடியில் பாதி போயிற்று. பிளெக்ஸ் வந்து மீதியும் போயிற்று. பிளெக்சில் முகம்தான் பெரிது. தலைவர் முகம், அவருக்குக் கீழே மாவட்டம், ஒன்றியம், கிளை என்று படிப்படியாகச் சிறுத்துப்போகும் முகங்கள். சின்னம் மூலையில் ஒரு ரூபாய்க் காசளவு. வரைவதற்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமல் போய்விட்டது. 2015லிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்திலும் வேட்பாளர் புகைப்படம் வந்துவிட்டது. ஒரே பெயரில் பல பேரை நிறுத்திக் குழப்புவதைத் தடுக்க என்றார்கள். நியாயமான காரணம்தான்.

2019இல் அம்மாயிக்கு எண்பத்துநாலு வயது. கைத்தாங்கலாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். பட்டனை அழுத்திவிட்டு, பக்கத்துக் கண்ணாடிக்குள் ஏழு வினாடி தெரிந்து மறைகிற தாளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார். போட்டோ தெரிஞ்சுதுங்களா என்று கேட்டேன்.

"போட்டோ என்ன போட்டோ. மூஞ்சியெல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது. கடேசீல கோடு போட்ட காயிதம் ஒண்ணு இருக்குதே, அது எந்தக் கட்சி?"

நோட்டா என்று விளக்கினேன். யாருமே வேண்டாம் என்று அழுத்துவது. அவர் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதைய யாரும் சொவத்துல போடவே இல்லியே" என்றார்.